முகத்துக்குச் சாப்பிட்ட மாத்திரை

எனக்குக் கை சும்மா இருக்காது. எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கை முகத்துக்குப் போய்விடும். தாடையோரம் தடவும், கன்னத்தில் மேடு தட்டுப்பட்டால் நகத்தை வைத்துக் கிள்ளும், ரத்தம் வந்த பிறகுதான் கீழே இறங்கும். அம்மா அந்தக் கையில் எத்தனையோ தடவை அடித்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் வந்த பரு கல்யாண வயது வந்தால் தானாகப் போய்விடும் என்று தெருவே சொன்னது. கல்யாண வயது வந்தது, பரு போகவில்லை. கடைசியில் அதைப் போக்கியது ஒரு மாத்திரை. அந்த மாத்திரையால், கல்யாணமான புதிதில், என் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கி அது குறையோடு வளர்கிறதோ என்று தவித்துத் திரிந்த நாட்களைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். "அதெல்லாம் வெளிய சொல்லாத" என்றாள் அம்மா. அவள் அப்படிச் சொன்னதால்தான் எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரைத் தாண்டி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவர் தெருவில். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். என்னை பி.காம் வரை படிக்க வைத்தார். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. காலையில் பாசஞ்சர் ரயிலில் போய் மாலையில் திரும்புவேன். ரயிலில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போடுவேன், காற்றுக்காக இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டால் பெட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு கன்னம்தான் தெரியும். அன்றைக்கு எந்தக் கன்னம் பரவாயில்லையோ, அதை வெளியே காட்டுவதற்குத் தோதாக இடது பக்கமா வலது பக்கமா என்று பார்த்து ஏறுவேன். இரண்டு கன்னமும் மோசமாக இருந்த நாட்களில் துப்பட்டாதான்.

வைத்தியம் சொல்லாத வாய் இல்லை. உடம்பு சூடு என்றார்கள், பொடுகு என்றார்கள், மலச்சிக்கல் என்றார்கள். பள்ளியில் ஓர் ஆசிரியை, "உங்க வீட்டுல மீன் ஜாஸ்தியா சாப்பிடுவீங்கல்ல, அதான்" என்றார். மீன் சாப்பிடாமல் எங்கள் வீட்டில் வேறு எதைச் சாப்பிடுவது என்று அவரிடம் கேட்கவில்லை. ஜாதிக்காயை உரசிப் போட்டேன். பற்பசை தடவிக்கொண்டு தூங்கினேன். பூண்டை நசுக்கி வைத்தால் ஒரே ராத்திரியில் அமுங்கிவிடும் என்று யூடியூபில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் வைத்தேன். பரு அப்படியே இருந்தது, அதைச் சுற்றித் தோல் வெந்து கறுத்துப்போனது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. பூண்டை உரிக்கும்போதெல்லாம் அவளைத் திட்டிக்கொள்வேன்.

பிறகு மெடிக்கல் கடைக்காரர் ஒரு சின்ன ட்யூப் கொடுத்தார். சீட்டு கேட்கவில்லை, எல்லாரும் வாங்கிப் போகிறார்கள் என்றார். ஒரே வாரத்தில் என் முகம் உரித்த முட்டை மாதிரி ஆகிவிட்டது. நிறமும் கூடின மாதிரி இருந்தது. அம்மா அந்தக் கடைக்காரரைத் தெய்வமாக்கிவிட்டாள். மாதக்கணக்கில் பூசினேன். ஒரு நாள் ட்யூப் தீர்ந்து, வாங்க மறந்து, நாலைந்து நாள் விட்டேன். முகம் சிவந்து எரிந்தது. வெயில் பட்டாலும் எரிச்சல், அடுப்புப் பக்கம் போனாலும் எரிச்சல். பழைய பரு எல்லாம் தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி வந்தது. கன்னத்தில் பூனை மயிர் வேறு முளைத்திருந்தது. மறுபடி பூசினால் அடங்கியது, விட்டால் கிளம்பியது. அதை விடவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் ஒரு வருஷம் போனது.

சிதம்பரத்தில் கோயில் வீதி ஒன்றில் இருந்த தோல் டாக்டரம்மாவிடம் போனது அதற்கப்புறம்தான். ட்யூபை வாங்கிப் பார்த்ததுமே, "இது ஸ்டீராய்டும்மா. முகத்துக்குப் போடவே கூடாது" என்றார். முதலில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வைத்தார். பிறகு ராத்திரிக்கு ஒரு ஜெல், காலையில் ஒரு ஜெல். ராத்திரி ஜெல்லில் தோல் உரிந்தது. பட்டாணி அளவு போடச் சொன்னதை, அதிகம் போட்டால் சீக்கிரம் போகும் என்று நான் அப்பிக்கொண்டது அதற்குக் காரணம். காலை ஜெல் வேறு கதை. அது துணியில் பட்டால் சாயத்தை எடுத்துவிடும். தலையணை உறை, என் நீலச் சுடிதார், அப்பாவின் மெரூன் துண்டு என்று வீட்டில் ஒவ்வொன்றாகத் திட்டுத்திட்டாக வெளுத்தது. அப்பா சலவை சோப்பைத் திட்டினார். சோப்பைக்கூட மாற்றினோம்.

ஜெல்லோடு ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையும் எழுதினார். "நிறைய தண்ணி குடிச்சு முழுங்கணும், முழுங்கினதும் படுக்கக் கூடாது. அப்புறம் வெயில்ல போகாதீங்க, தோல் கருகிடும்" என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள். "வெயில்ல போவாம எப்படிங்க டாக்டர்? எங்க வூடே வெயில்லதான் இருக்குது."

அதிலும் பாதிதான் குறைந்தது. தாடையிலும் கழுத்திலும் கட்டி கட்டியாக வந்தவை அப்படியே இருந்தன, அமுங்கிய இடமெல்லாம் குழி விழுந்தது. அதைப் பார்த்துத்தான் டாக்டரம்மா ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரையைப் பற்றிப் பேசினார். சின்னதாக, எண்ணெய் அடைத்த குமிழ் மாத்திரை. ரத்தம் எடுத்துக் கல்லீரலும் கொழுப்பும் பார்க்க வேண்டும், சாப்பாட்டோடு போட வேண்டும், உதடு வெடிக்கும், கண்ணும் மூக்கும் காயும், முதுகு வலிக்கலாம், மனசு சோர்ந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லிங்க" என்றாள் அம்மா, என்னை முந்திக்கொண்டு.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணிடம் டாக்டர் இந்தக் கேள்வியைக் கேட்டால் அது கல்யாணத்தைப் பற்றிய கேள்வி இல்லை. கர்ப்பமாக வாய்ப்பு இருக்கிறதா என்று முகத்துக்கு நேரே கேட்க எல்லாருக்கும் கூச்சம். அதனால் இதைக் கேட்பார்கள். பதில் சொல்லும் அம்மாக்களுக்கும் அது தெரியும். அம்மாவின் "இல்லிங்க"வில் என் பெண் ஒழுக்கமான பெண் என்ற சான்றிதழும் சேர்ந்தே இருந்தது. டாக்டரம்மா அதை ஏற்றுக்கொண்டார்.

"இந்த மாத்திரை சாப்பிடறப்ப வயித்துல குழந்தை தங்கக் கூடாது. தங்கினா குழந்தைக்குக் குறை வரும். கல்யாணம்னு பேச்சு எடுத்தாலே என்கிட்ட வந்து சொல்லணும். சரியா?"

"சரிங்க" என்று இரண்டு பேரும் தலையாட்டினோம். அப்போதே பேச்சு எடுத்தாயிற்று. சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து சம்பந்தம் வந்து ஜாதகம் கைமாறியிருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன், மேஜைக்குக் கீழே அம்மா என் தொடையைக் கிள்ளினாள். வெளியே வந்ததும், "ஏம்மா சொல்லல?" என்று சண்டைக்குப் போனேன்.

"பேச்சுதானடி நடக்குது, தட்டா மாத்திட்டோம்? இப்ப சொன்னா மாத்திரையே குடுக்க மாட்டேன்னுடுவாங்க. அப்புறம் இந்த மூஞ்சிய வெச்சிக்கினு மணவறையில உக்காருவியா?"

எனக்கும் அந்த மூஞ்சியோடு உட்கார விருப்பமில்லை. மாத்திரையை ஆரம்பித்தேன். முதல் மாதம் பரு கூடியது, அதையும் டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு உதடு. வாயைத் திறந்து கொட்டாவி விட முடியாது, ஓரம் கிழியும். கடற்காற்று உப்போடு வந்து அதில் உட்காரும். மீன் குழம்பைக் கண்டாலே ஒதுங்கினேன், காரம் பட்டால் கண்ணில் தண்ணீர் கொட்டும். ரயிலில் வாசலின் டப்பாவைக் கையிலேயே வைத்திருப்பேன். ஆனால் பரு ஒவ்வொன்றாக அமுங்கிப்போனது, புதிதாக ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் ரயிலில் ஏறி, இடமா வலமா என்று யோசிக்காமல் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். சிதம்பரம் வந்த பிறகுதான் அதைக் கவனித்தேன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கல்யாணம் அடுத்த வருஷம் என்றுதான் பேச்சு. எங்கள் ஆட்களுக்குக் கல்யாணம் என்றால் கோடையில் வரும் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று விசைப்படகுகளைக் கடலுக்கு விடாமல் நிறுத்துவார்கள், அப்போதுதான் ஆண்கள் கரையில் இருப்பார்கள். மாப்பிள்ளையும் விசைப்படகில் போகிறவர். போனால் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடித்துத் திரும்புகிற வேலை. எனக்குக் குருபலம் முடியப்போகிறது, இந்தத் தடைக்காலத்தை விட்டால் இழுத்துக்கொண்டே போகும் என்று ஜோசியர் ஒரு குண்டைப் போட்டார். தடைக்காலம் பாதி தாண்டியிருந்தது. வைகாசியில் முகூர்த்தம் குறித்துவிட்டார்கள்.

"டாக்டர்கிட்ட சொல்லணும்மா" என்றேன்.

"என்னான்னு சொல்லுவ? மாத்திரை சாப்பிடறப்பதான ஆவாதுன்னாங்க? மொத நாளோட நிறுத்திடு. தீந்துது."

சாப்பிடறப்ப. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டோம். சாப்பிடுவதை நிறுத்திவிட்டால் முடிந்தது என்று இரண்டு பேருமே நம்பினோம். போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் அதைக் கேட்பது என்றால், கல்யாணமான முதல் ராத்திரியே சேர்ந்து இருக்கலாமா என்று கேட்பதாகும். "அதப் போயி வாயத் தொறந்து எப்படிடி கேக்குறது?" என்றாள் அம்மா. எனக்கும் அந்த வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பெண்ணழைப்புக்கு முன்னால், நலங்கு மஞ்சளோடு சோறு சாப்பிட்டுவிட்டுக் கடைசி மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மறுநாள் மணவறையில் முகம் பளிச்சென்று இருந்தது. உதட்டுச்சாயத்துக்கு அடியில் உதடு வெடித்திருந்தது, அது போட்டோவில் விழவில்லை.

அவர் நல்ல மனிதர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். ஒரு வாரம் பேசிப் பழகிய பிறகு, என் முகத்துக்காக நான் பட்ட பாட்டையெல்லாம் சொன்னேன். மாத்திரையைப் பற்றியும் சொன்னேன். குழந்தை விஷயத்தைச் சொல்லவில்லை, அது முடிந்துபோனது என்று நினைத்ததால். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் மூஞ்சில பரு இருந்துச்சா?" என்றார்.

"பொண்ணு பாக்க வந்தீங்களே, பாக்கல?"

"பாத்தேன். பரு எல்லாம் தெரியலையே."

பொய் சொல்கிறாரா என்று உற்றுப் பார்த்தேன். சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்றைக்கு அவருக்குத் தெரியக்கூடாது என்று நான் என்னென்ன பூசியிருந்தேன் என்பது எனக்கல்லவா தெரியும்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பின. அவரும் போனார். ஆழ்கடலுக்குப் போய்விட்டால் போன் எடுக்காது. கல்யாணத்துக்குப் போட்ட விடுப்பு இன்னும் இருந்தது, வீட்டில் நானும் அத்தையும். அத்தை, அதாவது என் மாமியார், சிதம்பரம் மார்க்கெட்டுக்குக் கூடையில் மீன் கொண்டுபோய் விற்றுவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவார். பேச்சு வேகம், நடை வேகம், கோபமும் வேகம். வீட்டில் நான் ஒரு தட்டைக் கழுவுவதற்குள் அவர் மூன்று பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிடுவார். உதடு இன்னும் ஆறாமல் இருந்ததால், களிம்பு ஏதாவது எழுதி வாங்கலாம் என்று ஒரு நாள் நான் மட்டும் டாக்டரம்மாவிடம் போனேன்.

உட்கார்ந்ததும் அவர் கண் என் கழுத்துக்குப் போனது. மஞ்சள் கயிறு இன்னும் நிறம் மாறாமல் புதுசாக இருந்தது.

"இது எப்ப?" என்றார்.

சொன்னேன்.

"மாத்திரைய எப்ப நிறுத்தினே?"

"கல்யாணத்துக்கு மொத நாள் வரைக்கும் போட்டேன்" என்று கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன், சொன்னபடி நடந்துகொண்ட பெண் என்று.

அவர் பேனாவை மூடி வைத்தார். "நிறுத்தினப்புறமும் ஒரு மாசம் குழந்தை தங்கக் கூடாதும்மா. அது உடம்பை விட்டுப் போகணும். அதுக்குத்தான் முன்னாடியே சொல்லுன்னேன்." அப்புறம், "நானும் அன்னைக்கே இன்னும் தெளிவா சொல்லியிருக்கணும்" என்றார். தலைக்குக் குளித்தது எப்போது என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால். அடுத்தது வர வேண்டிய சமயம்தான், இன்னும் வரவில்லை. அங்கேயே சிறுநீரை ஒரு பட்டையில் விட்டுப் பார்த்தார்கள். ஒற்றைக் கோடு. "இப்பவே சொல்ல முடியாது, இன்னும் நாள் ஆகணும். வராம தள்ளிப்போச்சுன்னா வா, ரத்தத்துல பாத்தா தெளிவா தெரிஞ்சிடும்" என்றார். தங்கியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. இதயத்தில், மூளையில், காதில், முகத்தில் குறை வரலாம், கலைந்தும் போகலாம், ஒன்றும் இல்லாமல் பிறப்பதும் உண்டு, முன்கூட்டி யாரும் உறுதி சொல்ல முடியாது, அப்படி இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார். முகத்தில் என்ற சொல் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. கொல்லைக்குப் போவேன், ஒன்றும் இல்லை என்று திரும்புவேன், கொஞ்ச நேரத்தில் வயிறு இழுக்கிற மாதிரி இருக்கும், மறுபடி ஓடுவேன். துணி துவைத்த கையோடு கடற்கரைக்குப் போய் நின்று, எதற்கு வந்தேன் என்று தெரியாமல் வருவேன். போனில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க பயம் ஏறியது, மூடி வைத்தால் அதைவிட ஏறியது. கிள்ள முகத்தில் ஒரு பரு கூட இல்லை. அதனால் கை, நகத்தைச் சுற்றியிருந்த தோலைக் கிள்ள ஆரம்பித்தது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "வந்துடும். நீ பயந்துக்கினு இருக்கறதால தள்ளிப்போவுது" என்றாள். "அங்க யார்கிட்டயும் வாயத் தொறக்காத. மாமியாருக்குத் தெரிஞ்சா என்னைத்தான் கேப்பாங்க." கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அவளும் அங்கே தூங்கவில்லை என்று பிறகு அப்பா சொல்லித் தெரிந்தது.

நாள் தாண்டியது. வரவில்லை. சிதம்பரத்திலிருந்து வாங்கி வந்து துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பட்டையில் ஒரு காலையில் பார்த்தேன். ஒரு கோடு தெளிவாக இருந்தது. இரண்டாவது இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. வெளிச்சத்தில் காட்டினால் மறைந்தது, நிழலுக்குக் கொண்டுவந்தால் ஏதோ தெரிந்தது. பத்து தடவையாவது உள்ளேயும் வெளியேயும் நடந்திருப்பேன். ஒரு கணம், இருக்கட்டுமே என்று கூட நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் அது வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு நெற்றி யாருடையது, மூக்கு யாருடையது என்று நான் அதற்குள் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

இது இப்படி இருக்க, அத்தை வேறு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மருமகள் மீன் குழம்பைத் தொடுவதில்லை. வாய் காய்கிறது என்று தண்ணீராகக் குடிக்கிறாள். முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். கொல்லைக்கு ஓடி ஓடிப் போகிறாள். முகம் வேறு மெருகேறி இருக்கிறது. டாக்டரம்மா எனக்கு வரிசையாகச் சொன்ன பக்க விளைவுகள் எல்லாம் அத்தைக்கு மசக்கையாகத் தெரிந்தன. அவரைச் சொல்லி என்ன, எனக்கே எது மாத்திரையின் மிச்சம், எது மற்றது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எதிர்வீட்டுப் பெண், "என்னா, எதுனா விசேஷமா?" என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்டாள். அத்தை முந்திக்கொண்டு, "இருந்தா சொல்ல மாட்டமா? கண்ணு வெக்காத, போ" என்றார். சிரிப்பை அவரால் அடக்க முடியவில்லை.

அன்று மார்க்கெட்டிலிருந்து வரும்போது இரண்டு மாங்காய் வாங்கி வந்தார். கூடையை இறக்கின கையோடு கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தட்டில் வைத்தார். நான் மறுக்கத் தெரியாமல் ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன். வெடித்த உதட்டில் மிளகாய் பட்டுக் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"பாரு, மாங்காயக் கண்டதும் கண்ணு கலங்குது" என்றார் அத்தை. "நான் ஒண்ணும் கேக்கல. நீயா சொல்லுவன்னுதான் இருக்கேன். அவன் கரைக்கு வந்ததும் மொதல்ல அவன்கிட்ட சொல்லு, அதான் மொறை."

என்னால் முடியவில்லை. தட்டைத் தள்ளிவிட்டேன். "அத்த, இது மசக்க இல்ல. மாத்திர."

"என்னா மாத்திர?" அவர் முகம் மாறியது. "கலைக்கிற மாத்திரயா? எம்மா, என்னாடி பண்ணிட்ட?"

"ஐயோ, இல்ல அத்த! பரு மாத்திர."

"பருவுக்கா?"

எல்லாவற்றையும் சொன்னேன். முன்னும் பின்னுமாக, அழுகையும் மூக்கு உறிஞ்சலுமாகச் சொன்னேன். டாக்டரம்மா கேட்ட கேள்வி, அம்மாவின் பதில், சாப்பிடறப்ப என்ற சொல், ஒற்றைக் கோடு, இரண்டாவது கோடு. அத்தை குறுக்கே பேசவில்லை. அவர் குறுக்கே பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உள்ள இருந்தா, கொறை வருமா, வரலாமா?" என்று கேட்டார்.

"வரலாம். ரொம்பப் பேருக்கு வரும். யாருக்குன்னு சொல்ல முடியாதாம்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. போன் போவலையே."

அத்தை என் அம்மாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில் சொல்ல வார்த்தைகளைக் கூடத் தேடி வைத்திருந்தேன். அவர் எழுந்து கையைக் கழுவினார். "இத்தன நாளா இத்த தனியா வெச்சிக்கினு இருந்தியா? எழுந்திரு. பொடவைய மாத்து" என்றார்.

சிதம்பரம் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. ஆனாலும் பாதி தூரம் இருவரும் நின்றுகொண்டே வந்தோம், உட்காரலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை. நடத்துநர் சொல்லித்தான் உட்கார்ந்தோம். அத்தை என் காதருகே குனிந்து பேசினார், ஆனால் அவருடைய ரகசியக் குரல் நாலு சீட்டுக்குக் கேட்கும்.

"போன வாரமே அம்மன் கோயில்ல வேண்டிக்கிட்டேன், இருக்கணும்னு. எலுமிச்ச மாலகூடப் போட்டேன். இப்ப போயி இருக்கக் கூடாதுன்னு எப்படிடி வேண்டுறது? அவ என்னைப் பத்தி என்னா நெனப்பா?"

"தெரியல அத்த."

"நீ எப்படி வேண்டிக்கிட்ட?"

"நான் ரெண்டு மாதிரியும் வேண்டிக்கிட்டேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்த விரல்களைப் பார்த்துவிட்டு, அந்தக் கையை இறங்கும் வரை விடவில்லை.

டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார், பக்கத்து லேபில் ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். லேபில் நாற்காலிகள் இருந்தன. எங்களால் உட்கார முடியவில்லை. கீழ வீதியில் நடக்க ஆரம்பித்து நான்கு வீதியும் சுற்றிவிட்டோம். வெயில் சுட்டது. அத்தை ஒரு கடையில் எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார், தனக்கு வேண்டாம் என்றார், பிறகு என் டம்ளரிலேயே பாதியைக் குடித்தார். கோபுரத்துக்கு நேரே வரும்போதெல்லாம் கையை உயர்த்துவார், கும்பிடாமல் இறக்கிவிடுவார். இன்னும் ஒரு சுற்று என்று கிளம்பியபோது போன் வந்தது. முடிவு தயார், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

லேபில் இருந்த பெண் சின்னவள். காகிதத்தை மடிக்காமலே நீட்டி, "நெகடிவ்க்கா. டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றாள். அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அத்தை என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். "நெகடிவ்வுன்னா என்னா? கொரோனாவுல நெகடிவ்வுன்னா நல்லதுன்னு சொன்னாங்க. இதுல நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான் அத்த" என்றேன். "இல்லன்னு அர்த்தம்."

"இல்லையா?"

"இல்ல. இல்லவே இல்ல."

அவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். கும்பிட்ட கை கீழே இறங்கவில்லை. அப்படியே முகத்தை மூடிக்கொண்டது, தோள் குலுங்கியது. நான் அவரைத் தேற்றுவதற்காகத்தான் வாயைத் திறந்தேன். அவரைவிடச் சத்தமாக என்னிடமிருந்து அழுகை வந்தது. வீதியில் போகிறவர்கள் லேப் வாசலில் அழுகிற இரண்டு பெண்களைப் பார்த்து, பாவம், என்ன வியாதியோ என்று ஒதுங்கிப் போனார்கள்.

அத்தை முந்தானையால் முதலில் என் முகத்தைத் துடைத்தார், அப்புறம் தன் முகத்தை. பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில், அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும், கேட்டார்.

"நல்லதுன்னா, எதுக்குடி நாம ரெண்டு பேரும் அழுவுறோம்?"